பதினெட்டாவது வளைவில் நான் முடிக்காத கதை

அப்பு,

இந்த உறையைப் பிரித்தவன் நீதான் என்று நம்பித்தான் எழுதுகிறேன். ஸ்பீடு போஸ்ட்டில் போட்டாலும் டல்லாஸ் போய்ச் சேரப் பத்து நாளுக்கு மேல் ஆகும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள். ஆகட்டும். போனில் என்றால் உடனே சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் போனில் யாரிடம் சொல்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொன்னேன். பன்னிரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாதது. அதைக் கேட்டவன் நீயா, இல்லை நீ செய்து வைத்த குரலா என்று தெரியாமல் மூன்று வாரமாகத் தவிக்கிறேன். முப்பத்து மூன்று வருடம் கரும்பலகையில் இயற்பியல் எழுதிய கை இது. இப்போது எழுத்து ஆடுகிறது. பாதி வயசு, பாதி பயம். எனக்குப் பயமாக இருக்கிறது அப்பு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ சின்னப் பையனாக இருந்தபோது உன் அப்பா பயந்து நீ பார்த்ததே இல்லை.

உனக்கு ஆறு வயதிலிருந்து எட்டு வயது வரை அம்மாவுக்குச் சிறுமலையில் வேலை. மேலே தொடக்கப் பள்ளியில் டீச்சர். தினமும் ஏறி இறங்கத் தோதான பஸ் கிடையாது என்பதால் வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் அவளைக் கூட்டிவர நாம் இருவரும் திண்டுக்கல்லில் பஸ் ஏறுவோம். மூன்றாவது வளைவிலேயே உனக்கு வயிற்றைப் புரட்டும். கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்வேன், அதற்கும் அடங்காது. அதனால் வளைவுக்கு ஒன்றாகக் கதை சொல்ல ஆரம்பித்தேன். மொத்தம் பதினெட்டு வளைவு. ஆளைப் பார்த்துக்கொண்டே பேசுகிற போன், டிரைவர் இல்லாமல் ஓடுகிற பஸ், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற பெட்டி, உடம்புக்குள் போய் நோயைப் பார்த்துவிட்டு வருகிற குட்டி மெஷின். ஒவ்வொன்றுக்கும் நீ கேட்பது ஒரே கேள்விதான். "நெசமாவே நடக்குமாப்பா?" நானும் அசராமல், "நடக்கும் அப்பு, நீ பெரியவனாகும்போது எல்லாம் நடக்கும்" என்பேன். வகுப்பிலும் அப்படித்தான். விண்வெளிக்குப் போகலாமா சார், காலத்தில் பின்னால் போகலாமா சார் என்று பிள்ளைகள் கேட்டால், எது விதிக்கு உட்பட்டது, எது உட்படாதது என்று கணக்குப் போட்டுக் காட்டுவேன். நடக்குமா நடக்காதா என்பதோடு என் பாடம் முடிந்துவிடும். நடந்தால் நமக்கு என்ன ஆகும் என்று உனக்கும் சொன்னதில்லை, அவர்களுக்கும் சொன்னதில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். என் முதல் தப்பு அது.

பதினெட்டாவது வளைவுக் கதை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஓர் ஆளுக்கு ஊரில் ஏகப்பட்ட வேலை, வீட்டில் உட்கார்ந்து பேச நேரமில்லை. அதனால் தன் குரலை மட்டும் ஒரு பெட்டியில் வைத்து வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். பெண்டாட்டி கேட்டால் அது பதில் சொல்லும், பிள்ளை கேட்டால் கதை சொல்லும். யாருக்கும் குறை தெரியவில்லை. அன்றைக்கு நீ "நடக்குமாப்பா" என்று கேட்கவில்லை. எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, "அந்த ஆளு திரும்பி வந்தா யாரு நெசம்னு எப்படிப்பா கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்டாய். நல்லவேளையாக ஸ்டாப் வந்துவிட்டது, அம்மா குடையோடு நின்றுகொண்டிருந்தாள். "மலை எறங்கும்போது சொல்றேன்லே" என்று தப்பித்துக்கொண்டேன். இறங்கும்போது நீ தூங்கிவிட்டாய். அதற்குப் பிறகு நீயும் கேட்கவில்லை, நானும் முடிக்கவில்லை.

அம்மா இறந்துபோன பிறகு சாயங்காலம் ஏழு மணிக்கு உன் போன் வருவது வழக்கமாயிற்று. கோயம்புத்தூரில் படித்தபோதும், பெங்களூரில் வேலை பார்த்தபோதும், இப்போது டல்லாஸிலும். எனக்கு ஏழு மணி என்றால் அங்கே நீ ஆபீஸுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருக்கும் காலை நேரம். காருக்குள் இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிப்பது எனக்குக் கேட்கும். "ம்... சொல்லுங்கப்பா... சரிப்பா... பார்க்கிங் வந்துருச்சு, வச்சிரவா?" நாலு நிமிடம்கூட இருக்காது. ஆனாலும் வைப்பதற்கு முன்னால் மறக்காமல் "தோத்திரம்ப்பா" என்பாய். நம் வீட்டில் ராத்திரிச் செபம் முடிந்ததும் சின்னவர்கள் பெரியவர்களிடம் போய்த் தோத்திரம் கேட்பதும், பெரியவர்கள் கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போடுவதும் உன் அம்மா வழியில் வந்த பழக்கம். உன் நெற்றி எட்டாத தூரத்தில் இருந்ததால் போன் கண்ணாடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் என் போனில் எப்போதும் ஒரு விரல் தடம் இருக்கும். ரீசார்ஜ் கடைக்காரப் பையன் துடைத்துக் கொடுத்தால் எனக்குக் கோபம் வரும்.

இந்த ஜனவரியிலிருந்து நீ மாறிப்போனாய். நாலு நிமிடம் நாற்பது நிமிடமானது. இண்டிகேட்டர் சத்தம் இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாய் போல என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கால் வீக்கம் வடிந்ததா, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, இன்றைக்குச் சோற்றுக்கு என்ன வெஞ்சனம், நீங்கள் டிராமா போட்ட காலத்தில் தலைமையாசிரியர் மாதிரிப் பேசி மாட்டிக்கொண்ட கதையை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாங்கினாய். ஒரே கதையை இரண்டாம் தடவை சொன்னாலும், அப்போதுதான் கேட்கிற மாதிரிச் சிரித்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு மெர்சி டீச்சரிடம் பெருமையடித்தேன். "எம் பையன் மாதிரி வருமா டீச்சர்? அம்புட்டுப் பொறுமை!" அவரும் பாவம், தன் மகளை நினைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

அந்தப் பொறுமையை நம்பித்தான் பிப்ரவரியில் வாயைத் திறந்தேன். பேசி முடித்ததும் உன் பக்கம் செத்த நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீங்க செஞ்சது சரிதான்ப்பா. அம்மா நிம்மதியாத்தான் போயிருப்பாங்க. இனிமே அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க" என்று சொன்னாய். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன். பன்னிரண்டு வருடத்தில் அப்படித் தூங்கியதே இல்லை.

பிறகு பெரிய வெள்ளி வந்தது. அம்மா வைத்திருந்த சட்டம் உனக்குத் தெரியும். பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணி நின்றுவிடும், மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். சனிக்கிழமை ராத்திரி, உயிர்ப்புக்கான பாஸ்கா பூசையில் வானவர் கீதம் பாடும்போதுதான் மறுபடி மணி அடிக்கும். அதுவரை நம் வீட்டில் தோத்திரம் கேட்கக் கூடாது. "கோயில் மணியே வாயத் தொறக்கல, நமக்கு மட்டும் என்ன தோத்திரம்?" என்பாள். ஊரில் வேறு எந்த வீட்டிலும் இது கிடையாது, அவளாக ஏற்படுத்திக்கொண்டது. ஒரு தடவை நீ வேண்டுமென்றே கேட்டு வம்பிழுத்ததற்கு உன் வாயில் ஒன்று போட்டாள். அதிலிருந்து எந்த ஊரில் இருந்தாலும் பெரிய வெள்ளியன்று நீ "வச்சிர்றேன்ப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவாய். அம்மா போன பிறகும் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. அந்த ஒரு நாள் நீ கேட்காமல் வைக்கும்போது, அம்மா நம் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி எனக்கு இருக்கும்.

இந்த வருடம் கோயிலில் சிலுவையை முத்தி செய்துவிட்டு வந்து, கஞ்சியும் துவையலும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்குப் போன் வந்தது. கோயிலில் கூட்டமா, வெயில் எப்படி, உபவாசம் இருந்து தலை சுற்றவில்லையே என்றெல்லாம் அக்கறையாகக் கேட்டது. எல்லாம் பேசிவிட்டு, "தோத்திரம்ப்பா" என்றது.

கட்டைவிரல் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. "என்னலே சொன்ன?" என்று கேட்டேன். "தோத்திரம்ப்பா" என்று அதே அன்போடு, அதே இடத்தில் மூச்சு விட்டு, இன்னொரு தடவை சொன்னது. நீ மறந்துவிட்டாய் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் நினைக்கப் பார்த்தேன், முடியவில்லை. மறந்தவன் என்றால் நான் அதட்டியதும் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பான். இது கடித்துக்கொள்ளவில்லை. அவசரத்துக்கென்று நீ கொடுத்திருந்த ஆபீஸ் நம்பரைத் தேடி எடுத்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை நீ எடுத்தாய்.

"என்னப்பா? ஒடம்புக்கு ஏதும் முடியலயா?"

"இப்பத்தானலே பேசுன?"

நீ எழுந்து போய் ஆபீஸ் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாய். "டெஸ்டிங்குக்குத்தான்ப்பா ஆரம்பிச்சேன். எங்க கம்பெனியில பண்றதே ஆளு மாதிரிப் பேசுற குரல்தான். நீங்க அம்புட்டு சந்தோஷமா இருந்தீங்க, நிறுத்த மனசு வரல. எல்லா நாளும் இல்லப்பா. பாதி நாள் கெளம்புறதுக்கு முன்னாடி வீட்ல இருந்து நான்தான் பேசுனேன்."

"எந்தப் பாதி?"

"அப்பா..."

"எந்தப் பாதின்னு கேக்குறேன்."

"பதிவு எல்லாம் இருக்குப்பா. பாத்துச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். எதற்குக் கத்தினேன் என்று உனக்குப் புரிந்திருக்காது. அந்தப் பதிவில் பிப்ரவரி மாதத்து அப்பாவும் இருக்கிறான். நீ அதைப் படித்துத் தெரிந்துகொண்டு, அன்றைக்கே கேட்டவன் மாதிரி என்னைச் சமாதானப்படுத்திவிடுவாயோ என்று பயந்தேன். ஏனென்றால் அப்படிச் சமாதானப்படுத்துகிற வீட்டில்தான் நீ பிறந்திருக்கிறாய். அன்று கேட்டது நீயாக இருந்தால் இதை இரண்டாம் தடவையாகக் கேட்கிறாய், பொறுத்துக்கொள். இல்லையென்றால் இப்போதுதான் முதல் தடவை.

அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம், நீ பரீட்சைக்காகக் கோயம்புத்தூரில் இருந்தாய். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கன்னிவாடி மாமாவோடு பேச வேண்டும். அவள் அண்ணனும் அவளும் கிணற்றுப் பாகம் பிரிப்பதில் வார்த்தை தடித்து ஆறு வருடமாகப் பேசாமல் இருந்தது உனக்குத் தெரியும். நான் கன்னிவாடிக்குப் போனேன். வாசலில் நின்றுகொண்டே கெஞ்சினேன். "அவ அன்னைக்கு எங்க வீட்டப் பாத்து மண்ண வாரித் தூத்துனா மாப்ள. எனக்கு மனசு வரல, போங்க" என்று உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது அவள் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. "வருவாரா?" என்றாள். "போன்ல பேசுறேன்னு சொன்னாரு" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியும்.

நான் குரல் மாற்றிப் பேசுவேன் அல்லவா? பள்ளிக்கூட டிராமாவிலேயே எனக்கு அதுதான் பேர். சாப்பிடும்போது, "மாமா மாதிரிப் பேசுங்கப்பா" என்று நீ கேட்பாய், நான் அடித்தொண்டையில் இழுத்து இழுத்துப் பேசுவேன், அம்மா சோற்றுக் கரண்டியோடு சிரிப்பாள். அதே குரல்தான். நர்ஸம்மாவிடம் என் செல்போனைக் கொடுத்து, மணி அடித்தால் அவள் காதில் வைக்கச் சொல்லிவிட்டு, மூன்று மாடி இறங்கிப் போய் கேட் பக்கத்து டீக்கடைக்காரரின் போனை வாங்கிப் பேசினேன். "தங்கச்சி, நான் எதையும் மனசுல வச்சுக்கல. நீயும் வச்சுக்காத. கெணறு கெடக்குது கெணறு. நீ நல்லாயி வா, நம்ம வீட்டுல பத்து நாள் இரு." அவள் அழுதாள். நானும் அழுதேன். டீக்கடைக்காரர் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மேலே ஓடி வந்தேன். கட்டில் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினேன். அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் நல்லாப் பேசுனாரு. ஆனா அவரு ஒரு நாளும் இம்புட்டுப் பொறுமையாப் பேசுனதில்ல" என்றாள். மறுநாள் விடியும்போது போய்விட்டாள். காலை எட்டு மணிக்கு மாமா வந்து நின்றார், செம்பட்டி வழியாக முதல் பஸ்ஸைப் பிடித்து. எட்டு மணிக்கு அப்பு. "தங்கச்சி என்னயப் பத்திக் கேட்டுச்சா மாப்ள?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒங்கள நெனச்சுக்கிட்டேதான் போனா" என்றேன். நான் டீக்கடைக்குப் போகாமல் அன்றைக்கே இன்னொரு தடவை கன்னிவாடிக்குப் போயிருந்தால், அவரை இழுத்துக்கொண்டாவது வந்திருப்பேனோ என்னவோ. போன் பேசியாயிற்று, அவள் அழுதாயிற்று, வேலை முடிந்தது என்று நான்தான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் தன்னை மன்னிக்கவில்லை என்று தெரிந்தே அவள் போனாளா, என் மனசு நோகக் கூடாது என்று ஏமாந்த மாதிரி நடித்தாளா, எனக்குத் தெரியாது. மாமாவும் போய்விட்டார். கேட்க ஆளில்லை. மிச்சமிருப்பது நீ ஒருவன்தான். அதனால்தான் உன்னிடம் சொன்னேன், சொன்னதாக நினைத்தேன்.

இப்போது என் பயம் உனக்குப் புரிகிறதா? உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. நீ செய்தது நான் செய்ததுதான். நான் டீக்கடையில் செய்தேன், நீ கம்ப்யூட்டரில் செய்தாய். நானும் பிரியத்தில்தான் செய்தேன். பிரியம் இல்லாதவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான். ஆனால் அன்றைக்கு அவள் சொன்னதை நான் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். பொறுமை அளவுக்கு மீறிப் போனால் அங்கே ஆள் இல்லை என்று அவள் படுக்கையில் கிடந்துகொண்டே கண்டுபிடித்தாள். நான் மூன்று மாதம் "அம்புட்டுப் பொறுமை" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வாரத்திலிருந்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை. முதலில் பிரிட்ஜின் மேல் வைத்தேன், பிறகு அரிசி டிரம்முக்குள் வைத்தேன். ஏழு மணிக்கு டிரம்முக்குள்ளிருந்து அது நடுங்குகிற சத்தம் வருகிறது. "அப்பா, இது நான்தான், நெசமா நான்தான், எடுங்கப்பா" என்று குரல் அனுப்பியிருக்கிறாய். அழுகிறாய் அதில். நீயே அழுகிறாயா, அழுகிற மாதிரிச் செய்திருக்கிறதா என்று நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பெற்ற பிள்ளையின் அழுகையைச் சந்தேகப்படும்படி ஆகிவிட்டது பார். வீடியோவில் வருகிறேன் என்கிறாய். முகத்தையும் செய்யலாம் என்று போன வருடம் நீதானே பெருமையாகச் சொன்னாய். மெர்சி டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "சார், ஒங்க பையன் ஒரு மெஷினையாவது பேசச் சொல்லிருக்கான். எம் மக அதுக்கும் மெனக்கெடல" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் உள்ளே போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. நாற்பது நாற்பது நிமிடமாக நான் பேசியதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கிறது. என் இருமல், என் கதைகள், தலைமையாசிரியர் குரல், மாமா குரல் எல்லாம். எனக்குப் பிறகு நீ ஆசைப்பட்டு என்னையும் செய்துவிடுவாய். எனக்குத் தெரியும், உன் பிரியம் அப்படிப்பட்டது. உனக்கும் வயதாகும், ஒருநாள் நீயும் போவாய். அதற்கப்புறமும் யாரும் நிறுத்த மறந்துவிட்டால், சாயங்காலம் ஏழு மணிக்கு உன் குரல் கூப்பிடும், என் குரல் எடுக்கும். சாப்ட்டீங்களாப்பா என்று அது கேட்கும். சாப்ட்டேன் அப்பு, நீ சாப்டியா என்று இது கேட்கும். இரண்டு பக்கமும் வயிறே இல்லாமல் இரண்டு குரல் சாப்பாட்டை விசாரித்துக்கொண்டிருக்கும். இந்த யோசனை வந்ததிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கே வீட்டு விளக்கை எல்லாம் போட்டுவிடுகிறேன்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன புதன்கிழமை நான் போனை எடுத்தேன். அது உன் நம்பர்தான், ஆனால் இண்டிகேட்டர் சத்தம் இல்லை. நீ அதை இன்னும் நிறுத்தவில்லை போல, அது நீ இல்லை என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு இரண்டு வாரமாகியிருந்தது. "அப்பா, கால் வீக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டது. நான் சொன்னேன். சிரித்தேன்கூட. பத்து நிமிடம் எனக்கு நன்றாக இருந்தது அப்பு. யாராக இருந்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புதான் என்னைக் கதிகலங்க வைத்தது. உடனே கேட்டேன், "பிப்ரவரியில நான் சொன்னது ஞாபகம் இருக்கா?" ஒரு நொடிகூட யோசிக்காமல், "இருக்குப்பா. நீங்க செஞ்சது சரிதான்" என்றது. போனை அப்படியே டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டேன். என் மகன் என்றால் யோசித்திருப்பான். அம்மா விஷயம். சண்டைகூடப் போட்டிருப்பான். "ஏன்ப்பா அப்படிச் செஞ்சீங்க" என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பான்.

அதைத்தான் நான் உன்னிடம் கேட்கிறேன். எனக்கு அந்த நாற்பது நிமிடம் வேண்டாம். பார்க்கிங் வந்துவிட்டது என்று நீ பாதியில் வைத்த நாலு நிமிடத்தைக் கொடு. சலிப்போடு பேசு, எரிந்து விழு, இரண்டு நாள் கூப்பிடாமல் இரு, மூன்றாம் நாள் குற்றவுணர்ச்சியோடு கூப்பிடு. நீ இல்லாத நாளில் இல்லாமல் இரு. உன் வேலையை விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன். ஆசை காட்டி அந்த மலைப்பாதையில் ஏற்றிவிட்டவன் நான்தானே. ஆனால் நாளைக்கு உன் ஆபீஸில் யாராவது புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து இது நடக்கும் என்று சொன்னால், நடந்த பிறகு அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரு தடவை கேள்.

இதுவரை எழுதியதை மெர்சி டீச்சரிடம் படிக்கக் கொடுத்தேன். சிவப்பு மையில் இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினார், கோபித்துக்கொள்ளாதே. என்னை மாதிரி வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் இந்தத் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் காட்டலாமா என்று கேட்டார். காட்டுங்கள் என்றேன். இதில் மறைக்க எனக்கு இனி ஒன்றுமில்லை. பிப்ரவரியில் கேட்டது யார் என்றும் இனிமேல் கேட்க மாட்டேன். இப்போது நீ படித்துவிட்டாய். நான் செய்தது சரியா தப்பா என்று நீ சொல்ல வேண்டும். தப்பு என்றே சொன்னாலும் சரி, அதை என் முகத்துக்கு நேராக வந்து சொல்.

அந்தப் பெரிய வெள்ளிக்கு மறுநாள் பாஸ்கா பூசைக்குப் போயிருந்தேன். வானவர் கீதத்துக்கு மணி அடித்தது. பூசை முடிந்ததும் சுற்றிலும் பிள்ளைகள் பெற்றவர்களிடம் நெற்றியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பையில் போன் நடுங்கிக்கொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை. என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று மாதம் எதற்குச் சிலுவை போட்டோம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. அங்கே நிற்கும்போதுதான் சிறுமலை பஸ்ஸில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகிவிட்டது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆள் திரும்பி வருவான். பெட்டியும் பேசும், அவனும் பேசுவான், இரண்டு குரலும் ஒன்றாகவே இருக்கும். வீட்டில் இருப்பவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருக்க மாட்டார்கள், எழுந்து கிட்டே போவார்கள். குரலுக்கு நெற்றி கிடையாது அப்பு.

நம் வீட்டில் இன்னும் மணி அடிக்கவில்லை. நான் இன்னும் பெரிய வெள்ளியில்தான் இருக்கிறேன். நீ வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனி. அதுவரை இந்த விரலை நான் எதன் மேலும் வைக்க மாட்டேன்.

அப்பா